நிலாவுக்குப் போனது செட்டா? குடும்ப குரூப்ல வந்த கேள்விகளும் என் பதில்களும்

எங்க வீட்டு வாட்ஸ்அப் குரூப்ல ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவ இந்த வீடியோ வந்துரும். பின்னாடி திகில் மியூசிக், கொடிய சுத்தி ஒரு சிவப்பு வட்டம், "உலகத்தையே முட்டாளாக்கிய அமெரிக்கா"ன்னு தலைப்பு. 1969-ல அமெரிக்கா நிலாவுக்கு ஆள் அனுப்பினதே பொய், ஸ்டுடியோல செட் போட்டு எடுத்ததுன்னு அதுல சொல்லுவாங்க. அனுப்புறது எங்க சித்தப்பா. இதே சித்தப்பா தான் 2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் 6 மணிக்கு சந்திரயான்-3-ஓட விக்ரம் லேண்டர் நிலாவுல இறங்கினப்ப டிவி முன்னாடி கண்ணு கலங்கி தெருவுக்கே ஸ்வீட் வாங்கிக் கொடுத்தவர். அதனால பதில் சொல்லும்போது முடிஞ்ச இடத்துல எல்லாம் நாசாவ விட்டுட்டு சந்திரயானையே சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கேன். ஒவ்வொரு தடவையும் புதுசா டைப் பண்ணி கை வலிக்குது, இனிமே இத அப்படியே எடுத்து ஒட்டிக்கலாம்.

ஒரு தடவ போனதா சொல்றாங்க, அதையும் எப்படி நம்புறது?

ஒரு தடவ இல்லீங்க, ஆறு தடவ. நாசாவோட அந்தத் திட்டத்துக்குப் பேரு அப்பல்லோ. இறங்கினது அப்பல்லோ 11, 12, 14, 15, 16, 17. 13 மட்டும் நடுவுல ஆக்சிஜன் டேங்க் வெடிச்சு இறங்காம நிலாவ சுத்திட்டு திரும்பி வந்துருச்சு. 1969 ஜூலையில ஆரம்பிச்சு 1972 டிசம்பர் வரைக்கும் 12 பேர் நிலாவுல நடந்திருக்காங்க. கடைசியா போன ஹாரிசன் ஷ்மிட் படிச்சது ஜியாலஜி. பொய் சொல்றவன் ஒரு தடவ சொல்லி தப்பிச்சோம்னு ஓடிருவான், ஆறு தடவ ஒவ்வொரு இடமா மாத்தி மாத்தி, கார் எல்லாம் கொண்டு போயி, மணிக்கணக்குல லைவ் போட்டு மாட்டிக்க மாட்டான்.

இந்தக் கதைய கிளப்பி விட்டது யாரு?

சந்தேகம் அப்பவே அங்கங்க இருந்துச்சு, ஆனா அத ஒரு "தியரி"யா ஆக்கினது பில் கேய்சிங்ன்னு ஒரு அமெரிக்கர். 1976-ல சொந்தக் காசுல ஒரு புக் போட்டார். ராக்கெட் எஞ்சின் செய்ற ராக்கெட்டைன் கம்பெனியில வேலை பார்த்தவர் தான், ஆனா எஞ்சினியரா இல்ல, டெக்னிக்கல் விஷயங்கள எழுதித் தர்ற வேலை. அதுவும் 1963-லயே விட்டுட்டார், அதாவது ஆர்ம்ஸ்ட்ராங் கிளம்புறதுக்கு ஆறு வருஷம் முன்னாடி. அப்புறம் 2001-ல ஃபாக்ஸ் டிவியில ஒரு ப்ரோக்ராம் வந்துச்சு, இன்னிக்கு தமிழ்ல சுத்துற வீடியோல பாதி அதோட டப்பிங் தான்.

காத்தே இல்லாத இடத்துல கொடி எப்படி ஆடுது?

கொடிக்கு மேல் ஓரத்துல ஒரு குறுக்குக் கம்பி இருக்கு. போட்டோவ பெருசு பண்ணிப் பாருங்க, தெரியும். காத்து இல்லாததால தான் அந்தக் கம்பியே வச்சாங்க, இல்லன்னா நனைஞ்ச துண்டு மாதிரி தொங்கும். அப்பல்லோ 11-ல அந்தக் கம்பி முழுசா நீளல, பாதியில சிக்கிக்கிச்சு, அதனால துணி சுருக்கம் சுருக்கமா நின்னுச்சு. அந்த சுருக்கத்தப் பார்த்து தான் "காத்துல பறக்குது"ங்கறாங்க. ஜன்னல் ஸ்க்ரீன முழுசா இழுக்காம விட்டா எப்படி மடிப்பு மடிப்பா நிக்குதோ அதே தான். வீடியோல ஆடுறது கம்பத்த தரையில திருகி நட்டும்போது. கைய எடுத்ததும் கொஞ்ச நேரம் ஆடிட்டு நிக்கும், நம்ம ஊர்ல மாதிரி காத்து தடுத்து சட்டுனு நிறுத்தாததால கொஞ்சம் கூடவே ஆடும்.

வானம் கருப்பா இருக்கு, ஒரு நட்சத்திரம் கூட இல்லயே?

இதுக்கு பதில் படிக்க வேணாம், நீங்களே செஞ்சு பாருங்க. ராத்திரி மொட்டை மாடிக்கு போங்க, போன் கேமரால ப்ரோ மோட் போடுங்க, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் ஸ்பீடு ஒரு செகண்டுல 250-ல ஒரு பங்கு. வானத்த எடுங்க. படம் கன்னங்கரேல்னு வரும். கண்ணுக்கு நல்லா தெரியுற நட்சத்திரம் கூட அதுல இருக்காது. ஏன்னா அவ்ளோ கம்மி நேரத்துல நட்சத்திரத்தோட வெளிச்சம் பதியாது. அப்பல்லோகாரங்க ஹாசல்பிளாட் கேமராவுல வச்சிருந்த ஷட்டர் ஸ்பீடும் அந்த 250-ல ஒரு பங்கு தான். நிலாவுல அவங்க இருந்தப்ப பகல். வெயில் சுள்ளுன்னு அடிக்குது, தரை பளபளன்னு இருக்கு, வெள்ளை டிரஸ் போட்ட ஆள் நிக்குறான். அவன் படத்துல ஒழுங்கா விழணும்னா கேமராவ அப்படித்தான் வைக்கணும். ஊர் திருவிழால சீரியல் செட் போட்ட கோபுரத்த போட்டோ எடுத்திருப்பீங்கல்ல, அதுல பின்னாடி எத்தன நட்சத்திரம் இருக்குன்னு கேலரில போய் பாருங்க.

இன்னொண்ணு. பிரக்யான் ரோவர் விக்ரம் லேண்டர எடுத்த படம் இஸ்ரோ வெளியிட்டுச்சே, சித்தப்பா டிபியா கூட வச்சிருந்தார், அதுலயும் வானம் கருப்பு தான், ஒரு நட்சத்திரம் கிடையாது. அப்போ விக்ரம் இறங்கினது எந்த ஸ்டுடியோல?

சொல்லப்போனா நிலாவுல இருந்து நட்சத்திரத்த படம் பிடிச்சதும் உண்டு. அப்பல்லோ 16-ல ஜார்ஜ் கார்ருதர்ஸ்ங்கற விஞ்ஞானி வடிவமைச்ச அல்ட்ரா வயலெட் கேமராவ கொண்டு போயி லேண்டரோட நிழல்ல வச்சு நீளமா எக்ஸ்போஷர் கொடுத்து எடுத்தாங்க, அதுல நட்சத்திரம் இருக்கு. வீடியோகாரங்க அத மட்டும் காட்ட மாட்டாங்க.

நிழல் எல்லாம் வேற வேற பக்கம் போகுதே, ஒண்ணுக்கு மேல லைட் வச்சிருக்காங்க தானே?

ஒண்ணுக்கு மேல லைட் இருந்தா ஒவ்வொரு பொருளுக்கும் ஒண்ணுக்கு மேல நிழல் விழும். ராத்திரி கிரிக்கெட் மேட்ச் பாருங்க, ஒவ்வொரு ப்ளேயர் காலடியிலயும் நாலு நிழல் பூ மாதிரி விரிஞ்சிருக்கும். அப்பல்லோ படத்துல அப்படி ஒண்ணாவது காட்டுங்க பாக்கலாம். நிழல் கோணலா தெரியுறதுக்கு காரணம் தரை மேடு பள்ளம், அதோட தண்டவாளம் தூரத்துல ஒண்ணு சேர்ற மாதிரி தெரியுதே அந்த பார்வைக் கோணம். நிழல்ல நிக்குற ஆள் தெளிவா தெரியுறாரேன்னு அடுத்து கேப்பாங்க, வெயில்ல இருக்குற தரையே பெரிய ரிஃப்ளெக்டர், கல்யாண போட்டோகிராபர் தெர்மாகோல் பிடிக்கிற மாதிரி. ஒரு படத்துல கல்லு மேல "சி"ன்னு எழுத்து இருக்கு, அது செட்டுக்குப் போட்ட அடையாளம்னும் சொல்லுவாங்க. அது ஒரு பிரிண்ட் காப்பில ஒட்டின முடியோ நூலோ, ஒரிஜினல் ஃபிலிம்ல அது இல்ல.

அவ்ளோ பெரிய எஞ்சின் இறங்குது, அடியில ஒரு குழி கூட விழலயே?

இது கொஞ்சம் நல்ல கேள்வி. அந்த எஞ்சினோட முழு சக்தி ஏறக்குறைய 45 கிலோ நியூட்டன், ஆனா இறங்குற நேரத்துல அதுல மூணுல ஒரு பங்கு கூட தேவையில்ல, ஏன்னா எரிபொருள் பெரும்பாலும் தீர்ந்து போச்சு, நிலாவோட ஈர்ப்பு நம்மளோடதுல ஆறுல ஒண்ணு தான். எஞ்சின் வாய் ஒன்றரை மீட்டர் அகலம். அத்தன அகலத்துல பரவி வர்ற காத்தழுத்தம் பெருசா ஒண்ணும் இல்ல, நேரா குழி தோண்டாது, மேல இருக்குற தூச பக்கவாட்டுல சீவித் தள்ளும். மண்ணுக்குக் கீழ கொஞ்சம் போனாலே நல்லா இறுகிப் போயிருக்கும்.

மறுபடி நம்ம ஆள கூப்பிடுவோம். விக்ரம் இறங்கினப்ப சுமார் 2 டன் மண்ண 108 சதுர மீட்டருக்கு கலைச்சு விட்டுச்சுன்னு சந்திரயான்-2 ஆர்பிட்டர் படத்த வச்சு இஸ்ரோ கணக்கு சொல்லுச்சு. அவ்ளோ மண் நகர்ந்திருக்கு, ஆனா லேண்டர் சுத்தி வெளுத்த வட்டம் தான் தெரியுது, கிணறு மாதிரி குழி எதுவும் இல்ல.

ஆர்ம்ஸ்ட்ராங் ஷூ அடி ப்ளெயினா இருக்கு, காலடித் தடத்துல கோடு கோடா இருக்கு?

மியூசியத்துல இருக்குறது உள்ள போடுற பூட்ஸ். அதுக்கு மேல இன்னொரு ஓவர்ஷூ மாட்டிட்டு தான் நடந்தாங்க, அதோட அடியில தான் அந்தக் கோடு. வரும்போது எடை குறைக்க அத அங்கயே கழட்டிப் போட்டுட்டாங்க. அந்த ஃபேமஸ் தடம் ஆர்ம்ஸ்ட்ராங்கோடதே இல்ல, அவர் கூட இறங்கின ஆல்ட்ரினோடது.

ஈரம் இல்லாத மண்ணுல தடம் எப்படி நிக்கும்?

நம்ம ஆத்து மணல் தண்ணியிலயும் காத்துலயும் உருண்டு உருண்டு மழுங்கிப் போனது, காஞ்சா சரிஞ்சுரும். நிலா மண்ணு உடைஞ்ச கண்ணாடித் தூள் மாதிரி, முனை முனையா இருக்கும், ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்துக்கும். சிமெண்ட் பவுடர்ல கால வச்சுப் பாருங்க, ஈரமே இல்லாம அச்சு விழும்.

முதல் ஆளு இறங்குறத வெளிய நின்னு வீடியோ எடுத்தது யாரு?

ஆள் இல்ல, கேமரா. லேண்டர் பக்கவாட்டுல ஒரு தட்டு மடிச்சு வச்சிருந்தாங்க, ஏணியில இறங்கும்போது ஆர்ம்ஸ்ட்ராங் ஒரு கைப்பிடிய இழுத்தார், தட்டு கீழ திறந்துச்சு, அதுல இருந்த டிவி கேமரா ஏணியப் பார்த்து ஓட ஆரம்பிச்சுது. இதுக்கு தம்பி கேள்வி: அப்பல்லோ 17 கிளம்புறப்ப கேமரா அப்படியே மேல தூக்கி ஃபாலோ பண்ணுதே, அத எடுத்தவன அங்கயே விட்டுட்டு வந்துட்டாங்களா? அந்தக் கேமரா அவங்க ஓட்டின கார்ல இருந்துச்சு, ஹூஸ்டன்ல நாசா கண்ட்ரோல் ரூம்ல உக்காந்துட்டு எட் ஃபெண்டெல்ங்கறவர் ரிமோட்ல திருப்பினார். சிக்னல் போய்ச் சேர நேரம் ஆகும்ங்கறதால கிளம்புறதுக்கு முன்னாடியே கணக்குப் போட்டு பட்டன் அமுக்கணும். அப்பல்லோ 15-லயும் 16-லயும் சரியா வரல, மூணாவது தடவ தான் அமைஞ்சுது.

வீடியோவ ரெண்டு மடங்கு ஸ்பீடு பண்ணா சாதாரணமா ஓடுற மாதிரி இருக்கே?

ஆளப் பாக்காதீங்க, தூசியப் பாருங்க. செம்மண் ரோட்டுல டவுன் பஸ் போனா என்ன ஆகும்? பின்னாடி புழுதி மேகமா எழும்பி, பஸ் போய் ரெண்டு நிமிஷம் ஆனாலும் அந்தரத்துல தொங்கும், பைக்ல பின்னாடி வந்தவன் தலை வெள்ளையாகிரும். அப்பல்லோ 16-ல ஜான் யங் அந்தக் கார ஓட்டுற வீடியோ இருக்கு. சக்கரத்துல இருந்து தூசி வில்லு மாதிரி வளைஞ்சு மேல போகுது, அப்படியே வளைஞ்சு கீழ விழுந்துருது, ஒரு துளி கூட அந்தரத்துல நிக்கல. காத்து இருக்குற எந்த ஸ்டுடியோலயும் இத எடுக்க முடியாது, ஸ்பீட எவ்ளோ மாத்தினாலும் சரி. 1969-ல அவ்ளோ பெரிய கிராபிக்ஸும் கிடையாது, அப்ப டிவிக்காரங்க கிட்ட இருந்த ஸ்லோ மோஷன் மெஷின்ல அரை நிமிஷம் தான் பதியும். முதல் நடை மட்டும் ரெண்டரை மணி நேரம் லைவ் ஓடுச்சு.

அப்ப அமெரிக்க ஜனாதிபதியா இருந்த நிக்சன் லேண்ட்லைன்ல நிலாவுக்கு பேசினாராம், எனக்கு மாடியிலயே டவர் கிடைக்கல!

இந்த மீம் எனக்கும் பிடிக்கும். வெள்ளை மாளிகையில இருந்து ஹூஸ்டன் வரைக்கும் தான் போன் வயர். அங்கிருந்து ரேடியோ, பெரிய டிஷ் ஆன்டெனா வழியா. நடுவுல மலையும் இல்ல, பில்டிங்கும் இல்ல. சிக்னல் போக ஏறக்குறைய 1.3 செகண்ட், வர அதே அளவு, அந்த இடைவெளி ரெக்கார்டிங்ல கேக்குது.

வான் ஆலன் பெல்ட் கதிர்வீச்சுல கருகிப் போயிருக்க வேணாமா?

பூமிய சுத்தி கதிர்வீச்சு கூடுதலா இருக்குற வளையம் தான் வான் ஆலன் பெல்ட். அங்க குடியிருந்தா ஆபத்து தான். இவங்க மணிக்கு கிட்டத்தட்ட 39,000 கிலோமீட்டர் வேகத்துல, அடர்த்தி கூடின பகுதிய ஓரமா ஒதுங்கி, சில மணி நேரத்துல தாண்டிட்டாங்க. ஆளாளுக்கு கதிர்வீச்ச அளக்குற டோசிமீட்டர் மாட்டியிருந்துச்சு, இருக்குறதுலயே கூட வாங்கினது அப்பல்லோ 14 குரூப், அதுவும் முழுப் பயணத்துக்கும் சேர்த்து சராசரி 1.14 ராட் (கதிர்வீச்சோட ஒரு அலகு). ஒரு சிடி ஸ்கேன் எடுத்தா வர்ற மாதிரி அளவு. நிஜமான அதிர்ஷ்டம் வேற இடத்துல. 1972 ஆகஸ்ட்ல சூரியன்ல பெரிய புயல் வந்துச்சு, அப்பல்லோ 16 ஏப்ரல் மாசத்துலயே திரும்பிருச்சு, அப்பல்லோ 17 டிசம்பர் மாசம் தான் கிளம்புச்சு. நடுவுல யாராவது போயிருந்தா கதை வேற.

கால்குலேட்டர விட மட்டமான கம்ப்யூட்டர வச்சு எப்படி?

மெமரி கம்மி தான், 4 கேபி ராம், அழிக்க முடியாத மெமரி 72 கேபி. ஒரு குட்மார்னிங் இமேஜ் கூட அதுல அடங்காது. ஆனா அது குட்மார்னிங் அனுப்பல, ஒரே ஒரு வேலைய மட்டும் செஞ்சுது. பெரிய கணக்கெல்லாம் ஹூஸ்டன்ல ரூம் ரூமா நின்ன மெஷின் போட்டு ரேடியோல சொல்லுச்சு. அந்த ப்ரோகிராம எப்படி சேமிச்சாங்கன்னு தெரிஞ்சா அசந்துருவீங்க. ஃபேக்டரியில பெண்கள் உக்காந்து மோதிரம் மாதிரி சின்னச் சின்ன காந்த வளையத்துல செம்புக் கம்பிய கோத்தாங்க, வளையத்துக்குள்ள போனா 1, வெளிய போனா 0. தறி நெசவு தான், துணிக்கு பதிலா சாஃப்ட்வேர். இறங்குறப்ப 1202-ன்னு அலாரம் அடிச்சுது, வேலை தலைக்கு மேல போயிருச்சு, அப்பவும் அது ஹேங் ஆகல, முக்கியமில்லாத வேலைய தூக்கிப் போட்டுட்டு இறக்கத்த மட்டும் பார்த்துச்சு.

கொண்டு வந்த கல்லே டூப்ளிகேட்டாமே, நெதர்லாந்துல மாட்டிக்கிச்சே?

நெதர்லாந்து கதை உண்மை. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்துல நிலாக்கல்லுன்னு வச்சிருந்தது, 2009-ல சோதிச்சப்ப கல்லா மாறிப் போன மரம்னு தெரிஞ்சுது. ஒரு முன்னாள் பிரதமருக்கு 1969-ல அமெரிக்கத் தூதர் கொடுத்ததா சொல்லி மியூசியத்துக்கு வந்தது அது. ஆனா அந்த நாட்கள்ல அமெரிக்க அரசு நாடுகளுக்கு அதிகாரபூர்வமா கொடுத்தது பிளாஸ்டிக்ல பதிச்ச பொடித் துகள்கள், கைப்பிடி அளவு கல் இல்ல. யாரோ எங்கயோ குழப்பிட்டாங்க.

மொத்தம் வந்தது 382 கிலோ. உலகம் பூரா லேப்ல அத அறுத்துப் பார்த்துட்டாங்க, தேவேந்திர லால், நரேந்திர பண்டாரி மாதிரி நம்ம நாட்டு விஞ்ஞானிகளும் பார்த்திருக்காங்க. அந்தக் கல்லு மேல மைக்ராஸ்கோப்புல பார்த்தா கண்ணாடி விளிம்போட குட்டிக் குட்டிப் பள்ளம் இருக்கும், தூசி அளவு விண்கல் கோடிக்கணக்கான வருஷமா அடிச்ச தழும்பு. பூமியில காத்து இருக்கு, அந்த அளவு துகள் தரைக்கு வர்றதுக்குள்ள எரிஞ்சுரும், இல்ல வேகம் அடங்கிரும். சோவியத் ஆளில்லாம மூணு தடவ அனுப்பி மொத்தம் 300 கிராம் போல எடுத்துட்டு வந்துச்சு, சீனா 2020-ல 1.7 கிலோ எடுத்துட்டு வந்துச்சு. ரெண்டுமே அப்பல்லோ மண்ணோட ஒரே குடும்பம் தான்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச சாட்சி நாமக்கல். சந்திரயான் லேண்டரையும் ரோவரையும் டெஸ்ட் பண்ண இஸ்ரோவுக்கு நிலா மண்ணு மாதிரி டன் கணக்குல மண்ணு வேணும். நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி பக்கத்துல அனார்த்தசைட்டுன்னு ஒரு பாறை இருக்கு, அத எடுத்து அரைச்சு செஞ்சாங்க. அது நிலா மண்ணு மாதிரி இருக்குன்னு எத வச்சு சொன்னாங்க? அப்பல்லோ 16 நிலா மேட்டுப் பகுதியில இருந்து கொண்டு வந்த மண்ணோட ஒப்பிட்டு. கல்லு பொய்யா இருந்தா நாமக்கல் மண்ணுல ஓடிப் பழகின வண்டி அங்க போய் சிக்கியிருக்கணும்.

சோவியத் ஏன் வாயத் திறக்கல? காசு வாங்கிட்டாங்களா?

அந்த ஜூலை மாசத்த கொஞ்சம் பாருங்க. 1969 ஜூலை 3-ம் தேதி அவங்களோட நிலா ராக்கெட் என்-1 கிளம்பின இடத்துலயே விழுந்து வெடிச்சு லாஞ்ச் பேடே போச்சு. 13-ம் தேதி லூனா 15 அனுப்பினாங்க, அமெரிக்காவுக்கு முன்னாடி மண்ண எடுத்துட்டு வந்துரலாம்னு. ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலாவுல இருந்த அதே நேரத்துல, 21-ம் தேதி, லூனா 15 நிலாவுல மோதி நொறுங்கிச்சு. இங்கிலாந்துல ஜோட்ரல் பாங்க் டெலஸ்கோப்காரங்க ரெண்டு சிக்னலையும் கேட்டுட்டு இருந்தாங்க. இப்படி மூக்குடைஞ்சு உக்காந்திருந்தவன் கையில "எதிரி போகவே இல்ல"ங்கறதுக்கு சின்ன ஆதாரம் கிடைச்சிருந்தா விட்டிருப்பானா?

ஒரிஜினல் டேப்ப நாசாவே அழிச்சுருச்சாமே?

ஆமா, அழிச்சாங்க, மடத்தனம் தான், இதுல நான் நாசாவுக்கு வக்காலத்து வாங்க மாட்டேன். அப்பல்லோ 11 நடைய நேரா பதிஞ்ச டேட்டா டேப், டேப் தட்டுப்பாட்டுல மத்த டேப்போட சேர்ந்து திரும்ப உபயோகத்துக்குப் போயிருச்சுன்னு 2009-ல அவங்களே ஒத்துக்கிட்டாங்க. போனது தெளிவு கூடின மூலம். டிவியில ஒளிபரப்பான படம் பல இடத்துல பதிவாகி இருக்கு. மத்த அஞ்சு பயணத்தோட வீடியோவும், எல்லாப் பயணத்தோட ஃபிலிம் ரோலும் பத்திரமா இருக்கு.

போனது நிஜம்னா அப்புறம் ஏன் யாரும் போய் இறங்கல?

காசு. 1966-ல அமெரிக்க பட்ஜெட்ல 4 சதவீதத்துக்கும் மேல நாசாவுக்கு, இப்ப அரை சதவீதம் கூட இல்ல. ரஷ்யாவ ஜெயிக்கணும்னு போனாங்க, ஜெயிச்சாச்சு, ஜனங்களுக்கு போரடிச்சுருச்சு, அப்பல்லோ 18, 19, 20 மூணையும் கேன்சல் பண்ணிட்டாங்க. டெக்னாலஜி தொலைஞ்சு போச்சுங்கறது பாதி உண்மை. அப்பல்லோவ தூக்கிட்டுப் போன சாட்டர்ன் 5 ராக்கெட்டோட வரைபடம் மைக்ரோஃபிலிம்ல இருக்கு, மூணு ராக்கெட் காட்சிக்கே நிக்குது, ஆனா அத செஞ்ச ஃபேக்டரியும் இல்ல, கைப்பக்குவம் தெரிஞ்ச ஆளும் இல்ல. பாட்டி கைமணம் மாதிரி தான், செய்முறை நோட்டு இருந்தா மட்டும் அதே கொழம்பு வந்துருமா?

முதல்ல இறங்க வேண்டியது ஆல்ட்ரின், ஒரு நிமிஷம் தயங்கினதால வரலாறு மாறிருச்சு, அந்தக் கதையாவது உண்மையா?

தன்னம்பிக்கை மீட்டிங்ல தவறாம சொல்ற கதை. பைலட் ஆல்ட்ரின்னும், கோ-பைலட் ஆர்ம்ஸ்ட்ராங்னும், இவர் பயந்து நிக்க அவர் இறங்கினார்னும். சுத்தப் பொய். ஆர்ம்ஸ்ட்ராங் தான் கமாண்டர். யார் முதல்லங்கறத 1969 ஏப்ரல்லயே அறிவிச்சுட்டாங்க. லேண்டர் கதவு உள்பக்கமா ஆல்ட்ரின் நின்ன பக்கம் திறக்கும், அந்த மூட்டையும் முதுகுமா அவர் முதல்ல வரணும்னா ஆர்ம்ஸ்ட்ராங் மேல ஏறித் தான் வரணும். வரலாறு மாறினதுக்கு காரணம் தயக்கம் இல்ல, கதவோட கீல்.

இப்ப போய்ப் பார்த்தா அதெல்லாம் இருக்குமா? டெலஸ்கோப்ல தெரியுமா?

டெலஸ்கோப்ல தெரியாது, விண்வெளியில சுத்துற ஹப்பிள் டெலஸ்கோப்புக்கே நிலாவுல ஒரு தெரு அளவு இருந்தா தான் புள்ளியா தெரியும். நிலாவ சுத்துற எல்ஆர்ஓங்கற விண்கலம் எடுத்த படத்துல லேண்டரோட அடிப்பாகம், நடந்த தடம் கோடா தெரியுது. அது நாசாவோடதுன்னு சொல்லுவீங்க. சந்திரயான்-2 ஆர்பிட்டர் கேமரா 2021-ல அப்பல்லோ 11 இறங்கின இடத்த எடுத்துச்சு, லேண்டர் அடிப்பாகம் நிழலோட நிக்குது. அப்பல்லோகாரங்க அங்க வச்சுட்டு வந்த கண்ணாடி மேல இன்னிக்கும் லேசர் அடிச்சு தூரம் அளக்குறாங்க, நிலா வருஷத்துக்கு 3.8 செண்டிமீட்டர் விலகிப் போறது அப்படித்தான் தெரிஞ்சுது. ஆனா நேர்மையா சொல்லணும்னா, கண்ணாடிய ஆளில்லாத வண்டியும் வைக்கலாம், சோவியத் வச்சிருக்கு. அதனால கண்ணாடிய மட்டும் ஆதாரமா நான் எப்பவும் நீட்டுறதில்ல.

கொடிகள்ல அப்பல்லோ 12, 16, 17 மூணும் நிழல் விழுற அளவுக்கு நிக்குறது எல்ஆர்ஓ படத்துல தெரிஞ்சுது. அப்பல்லோ 11 கொடி, சித்தப்பா வீடியோல வட்டம் போட்டு காட்டுறாங்களே அதே கொடி, இவங்க கிளம்பினப்ப எஞ்சின் காத்துல சாஞ்சு விழுந்துருச்சு. ஜன்னல் வழியா ஆல்ட்ரின் பார்த்திருக்கார். அந்தக் கொடிய ஆட்டின ஒரே காத்து அது தான்.